உப்பு விளக்கு ஏன் அழுகிறது?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலை. எதிர்வீட்டுப் பெண் கையில் ஈரத்துணியோடு வந்து நின்றாள். கிரகப்பிரவேசத்துக்கு உறவினர் கொடுத்த உப்பு விளக்கைக் கூடத்து அலமாரி மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறாள். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் விளக்கடியில் குட்டையாகத் தண்ணீர். தேக்குப் பலகையில் விளிம்பு வரை வெள்ளைக் கறை.

"அங்கிள், விளக்கு அழுதிருக்கு. ஏதாவது கெட்ட சகுனமா?"

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உட்காரும்மா, டீ குடி. உன் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தியா?"

"அதுவும் கசிஞ்சு போய்த்தான் கிடக்கு."

"ரெண்டும் ஒரே கதைதான்."

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு திருவான்மியூரில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி. இரும்புக் கதவு ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும் இடம். அதனால் உப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு செய்தி புரிந்துவிட்டால் உப்பு விளக்கு வாங்குவது, வைப்பது, காப்பது எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அந்தச் செய்தி இதுதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே அதில் கரையும். அதற்குக் கீழே இருந்தால் காய்ந்தே கிடக்கும். வெயிலானாலும் குளிரானாலும் இந்த எல்லை பெரிதாக மாறுவதில்லை. இதை நம்பித்தான் ஈரப்பதமானியைச் சரிபார்க்கிறார்கள். ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் சில மணி நேரம் வைத்தால், முள் 75இல் வந்து நிற்கவேண்டும். நிற்கவில்லையென்றால் தவறு கருவியில்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் இந்த எல்லையைத் தாண்டும் நாட்கள் ஏராளம். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். தூத்துக்குடி உப்பளக்காரர்களுக்கு இது பரம்பரைப் பாடம். வடகிழக்குப் பருவமழை வருமுன் உப்பு அம்பாரத்தைப் பனையோலையால் மூடிவிடுவார்கள். நம் பாட்டிமார் உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைத்ததும் இதே பகையைச் சமாளிக்கத்தான்.

அப்படியானால் உப்பில் செய்த விளக்கு எப்படி நிலைக்கிறது? உள்ளே எரியும் பல்பின் சூட்டால். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் தெளியும். அறையின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உப்பு கரையும் நிலை. விளக்கின் மேற்பரப்பு அறையைவிட 3 டிகிரி மட்டும் சூடாக இருந்தால், கல்லை ஒட்டியுள்ள காற்றுப் படலத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 67 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீர் அதே அளவுதான். சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடுவதால், அதே நீர் குறைவான சதவீதமாகிறது. ஆக, தொட்டால் கைக்கு இளஞ்சூடு தெரிந்தாலே கல் காய்ந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டு நான்கு நாள் ஊருக்குப் போனால் அழும்.

"அப்ப வெளிச்சத்துக்காக மட்டும் இல்ல, கல்லைக் காப்பாத்தவும்தான் பல்பா?" என்றாள். அதேதான்.

இனி கல்லின் ஊரைப் பார்ப்போம். கடையில் 'இமயமலை உப்பு' என்று எழுதியிருந்தாலும், இளஞ்சிவப்புக் கல்லில் பெரும்பகுதி வருவது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஜீலம் மாவட்டத்திலுள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து. பனிமூடிய சிகரங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் அல்ல அது. ஜீலம் நதிக்கும் சிந்து நதிக்கும் நடுவே நீளும் 'உப்பு மலைத்தொடர்' எனும் தாழ்ந்த மலைகளின் அடிவாரம். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், நிலத்தில் ஒரு செடிகூட முளைத்திராத காலத்தில், ஆழமற்ற கடலொன்று வற்றிப் படிந்த உப்பு இது. அலெக்சாண்டரின் படைக்குதிரைகள் பாறையை நக்கியதால்தான் உப்பு இருப்பது தெரிந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1872இல், வார்த் என்ற சுரங்கப் பொறியாளர் தரைமட்டத்தில் முதன்மைச் சுரங்கப்பாதையை அமைத்தார். இன்றும் தோண்டும் இடத்தில் பாதி உப்பை வெட்டி எடுத்து, மறுபாதியைத் தூண்களாக விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் மலை தலைமேல் இறங்கிவிடும்.

இந்தக் கல்லுக்கு நம்மோடு பழைய உறவு உண்டு. நாட்டு மருந்துக்கடையில் 'இந்துப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அது சிந்து நாட்டு உப்பு என்பதன் சுருக்கம். வடமொழியில் சைந்தவம் என்பதும் அதே பொருள்தான். சிவப்புக்குக் காரணம் கல்லில் இழையோடும் இரும்பு ஆக்சைடு. நம் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதுவே. மற்றபடி இது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடுதான்.

நம் உப்பளத்து உப்பில் விளக்குச் செய்யமுடியாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் பாத்தியில் வாரும் உப்பு தனித்தனிப் பரல். செதுக்குவதற்கு ஒரே பாறை வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணின் பாரத்தில் இறுகிய கல்லைத்தான் அறுத்து, குடைந்து, விளக்காக்க முடியும்.

கல் பாகிஸ்தானுடையது என்பதால் வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 சதவீதச் சுங்க வரி போட்டது. 2025 மே மாதம் வேறு நாடு வழியாக வருவதையும் சேர்த்து இறக்குமதிக்கே தடை விதித்தது. ஆகவே "நேற்றுதான் கேவ்ராவிலிருந்து வந்து இறங்கியது" என்று கடைக்காரர் சொன்னால், பில்லைக் கேளுங்கள். பெட்டியில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாக்குறுதிகள். விளக்கு காற்றிலுள்ள ஈரத்தையும் தூசியையும் இழுக்கும், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும்போது எதிர்மின் அயனிகள் வெளியே வரும், அறைக்காற்று தூய்மையாகும், ஆஸ்துமா குறையும், மனச்சோர்வு போகும் என்றெல்லாம் எழுதியிருக்கும்.

இதை மறுக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தூத்துக்குடி உப்பளத்துக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். பாத்தியில் கடல்நீர் காய்கிறது. நீர் ஆகாயத்துக்குப் போகிறது, உப்பு பாத்தியில் நிற்கிறது. நீர் ஆவியாகும்போது உப்பின் அயனிகளும் கூடவே பறந்துபோகும் என்றால், தூத்துக்குடியில் இத்தனை காலமும் ஒரு மூட்டை உப்புகூட வாரியிருக்க முடியாது. உப்பு உருக 801 டிகிரி சூடு வேண்டும். அதன் அயனிகளைப் பிய்த்துக் காற்றில் விட அதற்கும் மேலே ஆற்றல் வேண்டும். இளஞ்சூட்டில் இருக்கும் கல்லால் ஆகிற காரியமில்லை. அயனி உமிழும் கருவிகள் தனியே உண்டு. அவை ஊசிமுனையில் உயர் மின்னழுத்தம் செலுத்தி வேலை செய்பவை. உப்பு விளக்கில் அப்படி எதுவும் கிடையாது.

கேவ்ரா சுரங்கத்துக்குள் ஆஸ்துமா நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சைக் கூடம் இருப்பது உண்மை. ஆனால் உப்புத்தூள் மிதக்கும் சுரங்கக் காற்றும், கூடத்து மூலையில் எரியும் மூன்று கிலோ கல்லும் ஒன்றல்ல. அவள் மாமியாருக்கு இழுப்பு உண்டு. அதனால் அழுத்திச் சொன்னேன்: "விளக்கை நம்பி இன்ஹேலரை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா."

அப்புறம் எதற்கு இந்த விளக்கு? வெளிச்சத்துக்குத்தான். மங்கலாக, செம்மஞ்சளாக, அந்தி வானத்தைக் கல்லுக்குள் அடைத்தது போன்ற வெளிச்சம். இதில் பலனும் உண்டு. நீல ஒளி அதிகமுள்ள வெளிச்சம் இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தடுக்கும். உப்புக்கல் வழியே வரும் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. படுக்கப்போகும் முன் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு இதை ஏற்றினால் கண்ணுக்கு இதம். இந்த அளவு எதிர்பார்ப்போடு கடைக்குப் போனால் ஏமாறமாட்டீர்கள்.

கடையில் என்னென்ன பார்க்கவேண்டும்?

முதலில் கனம். உப்புக்கல் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேலே எடை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுள்ள கல், நடுவே குடைந்த குழியைக் கழித்தாலும், கையைக் கீழே இழுக்கவேண்டும். இலேசாகத் தூக்க முடிந்தால் பிசினில் வார்த்த போலியாக இருக்கலாம். அடுத்தது வெளிச்சம். அசல் கல்லில் ஒளி ஒரே சீராகப் பரவாது. ஓரிடம் சிவப்பு, ஓரிடம் வெளிர், நடுவே வெள்ளை நரம்பு, மயிரிழைக் கீறல் என்று இருக்கும். அறை முழுக்கப் பளிச்சென்று எரிந்தால் சந்தேகப்படுங்கள். ஈர விரலால் அடிப்பக்கத்தைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். 'உடையாது, எந்தக் காலத்திலும் கசியாது' என்று உத்தரவாதம் கொடுத்தால் அது உப்பே இல்லை. உப்பு நகத்தளவே கடினமுள்ள கல். கீழே விழுந்தால் கட்டாயம் சிதறும்.

எடையை ஆடம்பரத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். படுக்கையறைக்கும் படிக்கும் மேசைக்கும் இரண்டு மூன்று கிலோ தாராளம். கூடத்துக்கு ஐந்து கிலோ. கல் பெரிதாகப் பெரிதாகச் சூடு போதாமல் போகும். இரண்டு மூன்று கிலோவுக்கு 15 வாட், ஐந்து ஆறு கிலோவுக்கு 25 வாட் என்பது பொதுவான அளவு.

பல்புதான் விளக்கின் உயிர். எதிர்வீட்டு விளக்கைத் திறந்து பார்த்தேன். அவள் கணவர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்இடி பல்பு மாட்டியிருந்தார். எல்இடி வெளிச்சம் தரும், கல்லைச் சூடாக்காது. இந்த ஒரு விளக்குக்குப் பழைய குண்டு பல்பு வீணாக்குகிற சூடுதான் மருந்து. பெரும்பாலான உப்பு விளக்குகளில் திருகி மாட்டும் சின்ன மரை பல்பு வரும். நம் வீட்டு ஹோல்டரில் போடும் பின் பல்பு சேராது. மின்சாமான் கடையில் "15 வாட் பிரிட்ஜ் பல்பு, எல்இடி வேண்டாம், இழை உள்ளது" என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய் மரை அளவு பார்த்து, இரண்டாக வாங்கிவைப்பது நல்லது. செலவு பயப்படும்படி இல்லை. 15 வாட் பல்பு தினம் பத்து மணி நேரம் எரிந்தால் மாதம் நாலரை யூனிட். அந்தக் காலத்து 'ஜீரோ வாட்' பல்பும் பெயரில்தான் ஜீரோ. உண்மையில் அதுவும் கிட்டத்தட்ட இதே அளவு மின்சாரம் குடித்ததுதான்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்த விளக்கைப் பலர் விரும்புகிறார்கள். நான் தவிர்ப்பேன். குறைத்து வைத்தால் சூடும் குறைந்து கல் கசியும் என்பது ஒன்று. இன்னொன்று, 2017 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கடைத்தொடர் விற்ற சுமார் 80,000 உப்பு விளக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். காரணம் கல் அல்ல. டிம்மரும் பிளக்கும் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பிருந்ததுதான். எனவே கல்லின் அழகை ஒரு நிமிடம் பார்த்தால், ஒயரையும் பிளக்கையும் மூன்று நிமிடம் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை, தடித்த ஒயர், ஆடாத ஹோல்டர், அடியில் இறுகத் திருகிய மரப்பீடம் ஆகிய நான்கும் வேண்டும்.

வீட்டில் எங்கே வைப்பது? 'தென்மேற்கு மூலை' என்று சிலர் சொல்வார்கள். நம்பிக்கை அவரவருடையது. என்னைக் கேட்டால், ஈரமும் மின்சாரமும் எதைச் சொல்கின்றனவோ அதுதான் இந்த விளக்குக்கு வாஸ்து.

குளியலறைச் சுவரை ஒட்டியும், சமையலறையில் குக்கர் ஆவி படும் இடத்திலும், கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னலோரத்திலும் வேண்டாம். ஏர்கூலர் உள்ள அறைக்கு இது ஆகவே ஆகாது. கூலர் வேலை செய்வதே காற்றில் நீரை ஏற்றித்தான்.

ஏசி அறை நல்ல இடம், ஒரு எச்சரிக்கையோடு. ஏசி ஓடும்வரை காற்று உலர்ந்திருக்கும். காலையில் அணைத்து ஜன்னலைத் திறந்ததும் வெளியே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கல்லின்மேல் படும். ஜில்லென்ற தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தால் வேர்க்கிறதே, அதே கதைதான். ஆகவே ஜன்னலைத் திறப்பதற்கு அரை மணி முன்பே விளக்கை ஏற்றிக் கல்லைச் சூடாக்கிவிடுங்கள். இல்லையென்றால் கல்லைப் பாலித்தீன் பையால் மூடிவிட்டு அப்புறம் ஜன்னலைத் திறவுங்கள். எரியும்போது மட்டும் எதையும் போட்டு மூடக்கூடாது.

விளக்கடியில் மெழுகு பூசினாற்போல் வழவழப்பான பீங்கான் தட்டு ஒன்று வையுங்கள். பித்தளைத் தாம்பாளமும் எவர்சில்வர் தட்டும் வேண்டாம். உப்பு நீர் உலோகத்தை அரிக்கும். பளிங்குத் தரையிலோ பலகையிலோ நேராக வைத்தால், கரைசல் நுண்துளைகளில் இறங்கிக் காய்ந்து, உப்புப் படிகமாக வளர்ந்து பரப்பைப் பெயர்க்கும். அலமாரியில் அவள் பார்த்த வெள்ளைக் கறை அதன் தொடக்கம். டிவி, லேப்டாப், ரவுட்டர் இவற்றின் பக்கத்திலோ மேலேயோ வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

ஒயரில் ஒரு தந்திரம் உண்டு. விளக்கிலிருந்து இறங்கும் ஒயர் நேராகச் சரிந்து பிளக்குக்குள் நுழையக்கூடாது. கசியும் நீர் அதே பாதையில் போய்ச் சேரும். பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி விட்டு, பிறகு மேலேற்றிச் செருகுங்கள். நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் இஎல்சிபி வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரைச்சீலை, கொசுவலை, காகிதக் கட்டு இவை கைக்கெட்டும் தொலைவில் இருக்கக்கூடாது.

பூனையோ நாயோ வளர்ப்பவர்கள் விளக்கை எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். 2019இல் நியூசிலாந்தில் ஒரு வீட்டுப் பூனை விளக்கை நக்கி நக்கி உப்பு நஞ்சேறி, நடை தடுமாறி, மருத்துவமனை வரை போய்ப் பிழைத்த செய்தி வெளிவந்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே கட்டுப்பாடுதான். மூன்று கிலோ கல் ஒயரோடு சேர்ந்து இழுபட்டு விழுந்தால் என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை.

சுத்தம் செய்வது எளிது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கல் ஆறியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். அழுக்குப் போகவில்லையென்றால் துணியை ஒட்டப் பிழிந்து ஒரு முறை துடைத்துவிட்டு, உடனே விளக்கை ஏற்றிக் காயவிடுங்கள். குழாயடியில் காட்டிக் கழுவிய ஒருவரை எனக்குத் தெரியும். கழுவி முடித்தபோது விளக்கில் கால்வாசி இல்லை.

எதிர்வீட்டு விளக்குக்கு நாங்கள் செய்த வைத்தியத்தையும் சொல்கிறேன். காய்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கினோம். பல்பையும் ஒயரையும் வெளியே எடுத்தோம். கல்லைத் துடைத்து, வெயில் எட்டிப்பார்த்த ஒரு பகல் முழுக்க மொட்டைமாடியில் வைத்தோம். ஹோல்டரின் பித்தளையில் பச்சை படிந்திருந்ததால் ஒயரோடு புதிதாக மாற்றச் சொன்னேன். எல்இடி போய் 15 வாட் குண்டு பல்பு வந்தது. தேக்குப் பலகையிலிருந்து பீங்கான் தட்டுக்கு, ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு இடம் மாறியது. அந்த மழைக்காலம் முழுக்க அது மறுபடி கசியவில்லை.

மூன்றாவது நாள் மாலை அவளே டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

"இப்ப அழலை அங்கிள். ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போனா?"

"அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, கல்லு ஆறினதும் பாலித்தீன் பையில இறுக்கிக் கட்டிட்டுப் போ. உப்பளத்துக்காரங்களுக்குப் பனையோலை, உனக்குப் பாலித்தீன் பை."

வாங்க நினைக்கும் வாசகர்களுக்கும் என் கருத்து இதுவே. மூச்சுக்கும் மனசுக்கும் மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள், பணம் வீண். மெல்லிய வெளிச்சம் பிடிக்குமென்றால் தயங்காமல் வாங்குங்கள். சமையலறை உப்பு ஜாடி கசியத் தொடங்கும் நாளில், கூடத்து விளக்கை அணைக்காமல் எரியவிடுங்கள்.